ஸ்கேல் வெச்சுப் போட்ட கோட்டுக்கு ட்ரம்பெட் எதுக்கு?

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸைத் தாண்டி வந்த எல்லாருக்கும் ஒன்று தெரியும்: நேர்க்கோடு போடுறது லேசுப்பட்ட வேலை இல்லை. மினி டிராஃப்டரின் கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்திருந்தா கோடு சாயும். பென்சில் முனை மழுங்கினா மெல்லிசா ஆரம்பிச்சுத் தடியா முடியும். நம்ம கேளம்பாக்கத்துப் புழுக்கத்தில் உள்ளங்கை வேர்வை ஷீட்டில் பட்டுச்சுன்னா கதை முடிஞ்சது. பாஸ் ஆனதும் டிராஃப்டரை ஜூனியர் தலையில் கட்டிட்டு ஆட்டோகேடுக்கு ஓடிடுறோம்.

அந்த மாதிரிக் கோட்டை, அதே மாதிரிக் கருவிகளை வெச்சு, வருஷக்கணக்காப் போட்டுக்கிட்டே இருந்த ஒரு ஓவியர் இருந்தாங்க. நஸ்ரீன் மொஹமதி. 1937இல் கராச்சியில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, லண்டனில் படிச்சு, 1972இல் இருந்து பரோடா நுண்கலைக் கல்லூரியில் பாடம் எடுத்து, 1990இல் இறந்துபோனவங்க. அவங்க கோடுகளை முன்னால வெச்சுக்கிட்டு ரெண்டு பேர் ஒரு ஜாஸ் ஆல்பம் பண்ணியிருக்காங்க. பியானோ விஜய் ஐயர், ட்ரம்பெட் வாடாடா லியோ ஸ்மித். 2015 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவாகி, 2016 மார்ச்சில் ஈ.சி.எம் நிறுவனம் வெளியிட்டது. பேர் 'எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்'. கோடு ஒவ்வொன்றிலும் ஒரு பிரபஞ்ச லயம்னு தோராயமாச் சொல்லலாம். அந்தப் பேரே நஸ்ரீனின் டைரியில் இருந்து எடுத்ததுதான்.

இந்த ஆல்பத்தை நீங்க கேட்கணும், அதுவும் டிராஃப்டர் பிடிச்ச ஞாபகம் கையில் இருக்கும்போதே கேட்கணும்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹாஸ்டலில் இதைப் போட்டப்ப என் ரூம்மேட் அஞ்சு நிமிஷம் பொறுமையாக் கேட்டுட்டு, "ட்யூனிங் முடிஞ்சு பாட்டு ஆரம்பிச்சதும் சொல்லு மச்சி"ன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது. ட்ரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, திரும்பத் திரும்ப வந்து மனசில் உட்காருற மெட்டும் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுற ஆல்பத்தில் ரெண்டே பேர்தான். கீழே எலக்ட்ரானிக்ஸின் முனகல், அது மேலே பியானோ சிதறவிடுற சில சுரங்கள், நடுவில் ட்ரம்பெட் நீளமா ஒரே ஒரு சுரம். அப்புறம் மௌனம். புரியலைன்னா அது கேட்கிறவன் தப்பில்லை. ஆனா "புரியலை, அதனால இது பந்தா"ங்கிற தீர்ப்போடு எனக்குச் சண்டை இருக்கு.

முதல்ல நஸ்ரீனின் படங்களைப் பாருங்க. போனிலேயே தேடலாம், ஆனா ஒரு எச்சரிக்கை. அவங்க கோடுகள் அவ்வளவு நெருக்கமா, அவ்வளவு மெல்லிசா இருக்கும். சின்ன ஸ்கிரீனில் பார்த்தா பாதி காணாமப் போயிடும், மீதி அலையலையா நெளியும். அலையாஸிங்னு சிக்னல்ஸ் வகுப்பில் படிச்சோமே, அதேதான். ஜூம் பண்ணிப் பாருங்க. வெள்ளைத் தாளில் மையும் கிராஃபைட்டும். எழுபதுகளில் கட்டம் கட்டமா, தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டின மாதிரி வரிசைகள். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமா மாறும். ஒரு கோட்டின் அழுத்தம் அரை மில்லிமீட்டரில் மாறும். எண்பதுகளுக்கு வந்தா கட்டம் கரைஞ்சுடுது. பெரிய வெற்றுத் தாளில் சாய்வா சில கோடுகள், ஒரு வளைவு, அவ்வளவுதான். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு இல்லை, தேதியும் இல்லை. எது முன்னால வந்தது, எது பின்னால வந்ததுன்னு ஆராய்ச்சியாளர்களே ஊகிச்சுத்தான் அடுக்கியிருக்காங்க.

இதில் ஒன்று சேர்த்துச் சொல்லணும். அவங்களுக்கு நரம்பு சம்பந்தமான நோய் இருந்தது. உடம்பின் அசைவு மேல் இருக்கிற கட்டுப்பாடு படிப்படியாக் கைவிட்டுப் போற நோய். கை சொன்னபடி கேட்காத உடம்போடு, கை துளிகூடப் பிசகக் கூடாத வேலையைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. அந்தக் கடைசிக் காலப் படங்களில் நடுக்கத்தைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கலை. இதை வெச்சு உருக்கமா ஒரு கதை எழுதிடலாம், நிறைய பேர் எழுதியும் இருக்காங்க. என்னைக் கேட்டா, நோயைத் தெரிஞ்சுக்கிட்டுப் படம் பார்க்கிறதை விட, படத்தைப் பார்த்துட்டு நோயைத் தெரிஞ்சுக்கிறது நல்லது. இல்லைன்னா கோட்டைப் பார்க்காம ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பிச்சிடுவோம்.

இப்ப அந்த ரெண்டு பேருக்கு வருவோம்.

விஜய் ஐயர் 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா அம்மா தமிழ்நாட்டில் இருந்து போனவங்க. நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கிற பயோடேட்டா: யேல் பல்கலையில் கணிதமும் இயற்பியலும், பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போய், பாதியில் அதை விட்டுட்டு இசை பக்கம் திரும்பி 1998இல் டாக்டர் பட்டம். சின்ன வயசில் முறையாப் படிச்சது வயலின். பியானோ பெரும்பாலும் தானாவே கத்துக்கிட்டது. 2014இல் இருந்து ஹார்வர்டில் பேராசிரியர். டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கிட்ட விஷயம் முக்கியம். தாளங்கிறது காதிலும் மூளையிலும் மட்டும் நடக்கிறதில்லை. நடக்கிற கால், அடிக்கிற கை, இழுக்கிற மூச்சு, இந்த உடம்பில் இருந்துதான் அது வருதுங்கிறது அந்த ஆராய்ச்சியின் சாரம்.

வாடாடா லியோ ஸ்மித் 1941இல் மிசிசிப்பியில் பிறந்தவர், விஜய்யை விடக் கிட்டத்தட்ட முப்பது வயசு பெரியவர். சிகாகோவில் கறுப்பின இசைக்கலைஞர்கள் சேர்ந்து நடத்தின ஏ.ஏ.சி.எம் அமைப்பில் உருவானவர். அவருடைய 'கோல்டன் குவார்டெட்' குழுவில் விஜய் சில வருஷம் வாசிச்சிருக்கார். அதனால இது புது ஜோடி இல்லை, குருவும் சிஷ்யனும் மாதிரி ஒரு உறவு. ஸ்மித்தைப் பத்தி நம்ம விஷயத்துக்கு நேரடியாத் தேவைப்படுற தகவல் ஒன்று இருக்கு: அவர் இசையை எழுதறதே வரைஞ்சுதான். 'அங்க்ராஸ்மேஷன்'னு அவரே உருவாக்கின ஒரு குறியீட்டு முறை. ஐந்து கோட்டில் புள்ளி வைக்கிற வழக்கமான முறைக்குப் பதிலா வண்ணங்கள், வடிவங்கள், வளைவுகள். வாசிக்கிறவர் அதைப் பார்த்து, யோசிச்சு, தன் முடிவை எடுத்து வாசிக்கணும். அந்தத் தாள்களை ஓவியம் மாதிரியே காட்சிக்கு வெச்சிருக்காங்க. ஆக, ஒரு தாளைப் பார்த்து அதை மூச்சா மாத்துறதையே தொழிலா வெச்சிருந்த மனுஷன் முன்னால நஸ்ரீனின் தாள் வந்திருக்கு.

இது வந்த வழி: நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2016 மார்ச்சில் 'மெட் பிராயர்'னு ஒரு கிளையைத் திறந்தது. திறப்பு விழாக் கண்காட்சிகளில் ஒன்று நஸ்ரீனுடையது. அந்தச் சமயம் விஜய் அந்த மியூசியத்தின் சிறப்புக் கலைஞரா இருந்தார். அவங்க கேட்டுக்கிட்டதுக்காக உருவானதுதான் ஆல்பத்தின் நடுவில் இருக்கிற ஏழு பகுதித் தொகுப்பு. முன்னால விஜய்யின் 'பாஸேஜ்', கடைசியில் ஸ்மித்தின் 'மரியன் ஆண்டர்சன்'. அந்தக் கிளை 2020இலேயே மூடியாச்சு. ஆல்பம் இருக்கு.

சரி, "ஓவியத்தில் இருந்து உந்துதல் பெற்ற இசை"ன்னா என்ன? இங்கதான் என் வாதமே.

இந்த வகையில் பழைய பிரபலம் முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்', 1874. நண்பர் ஹார்ட்மனின் படங்களைப் பார்த்து எழுதினது. அதில் வண்டி வந்தா வண்டி கேட்கும், கோழிக்குஞ்சு வந்தா குஞ்சு குதிக்கும். படத்தில் ஒரு பொருள் இருக்கு, இசை அந்தப் பொருளை வர்ணிக்குது. நம்ம சினிமாப் பின்னணி இசையும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்யுது, பிரமாதமாச் செய்யுது. இன்னொரு வகை, அட்டையோடு நின்னுடுறது. ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியம் இருக்கு. ரெண்டும் ஒரே காலத்து வெறி, பொருத்தமாவே இருக்கு. ஆனா அந்தப் படம் இல்லாமலும் அந்த இசை அப்படியேதான் இருந்திருக்கும்.

நஸ்ரீன் படத்தில் வர்ணிக்க எதுவுமே இல்லை. வண்டி இல்லை, கோழி இல்லை. சாய்வா நாலு கோடு. இதை எப்படி வாசிப்பீங்க? மேலே போற கோட்டுக்கு மேலே போற சுரம்னு வாசிச்சா அது ரெண்டாங்கிளாஸ் பையன் வேலை. இப்ப எந்தப் படத்தையும் ஏ.ஐ. கருவியில் போட்டு "இதுக்கு இசை குடு"ன்னு கேட்டா அரை நிமிஷத்தில் கொடுத்துடும். பெரும்பாலும் படத்தில் என்ன இருக்குன்னு ஒரு வரி விவரம் எழுதி, அந்த விவரத்துக்குப் பொருந்துற மூடு ஒன்றைக் கொடுக்கும். 'அமைதியான, மினிமல், கோடுகள்'. வந்து விழறது லிஃப்டில் ஓடுற ஆம்பியன்ட். நம்ம கல்லூரிகளில் நடக்கிற ஆர்ட் எக்ஸ்போக்களில் இப்ப பின்னணியில் ஓடுறது பாதி இதுதான். கேட்டா "ஓவியத்தால் இன்ஸ்பயர் ஆனது"ன்னு போர்டு வேற.

விஜய்யும் ஸ்மித்தும் எடுத்துக்கிட்டது அவங்க படத்தை இல்லை, அவங்க வேலை செய்யற விதத்தை. எனக்கு அப்படித்தான் கேட்குது. எப்படின்னு சொல்றேன்.

இங்க் பேனாவில் நீளமா ஒரு கோடு போட்டிருக்கீங்களா? பென்சில்னா அழிச்சுக்கலாம், மைன்னா முடியாது. நம்மளை அறியாம மூச்சைப் பிடிச்சுக்குவோம். கோடு முடிஞ்சதும்தான் விடுவோம். அப்ப கோட்டின் நீளத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அது மூச்சின் எல்லை. ஸ்மித் வாசிக்கிற ஒவ்வொரு நீண்ட சுரமும் இந்த நீளம்தான். ஆரம்பத்தில் உதடு தொடுற சத்தம், நடுவில் லேசா ஒரு கனம், முடியும்போது காத்து தீர்ந்து நிறம் மாறுறது எல்லாம் கேட்கும். வித்தை காட்டி அதை மறைக்க அவர் முயற்சியே பண்ணலை. பியானோ இதுக்கு நேர் எதிர். தட்டின நொடியில் இருந்தே சுரம் செத்துக்கிட்டே போகும், அதை நீட்டி இழுக்க வழி இல்லை. அதனால விஜய் கிராஃபைட் ஆகிடறார்: வெளிறிப்போற கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். நீளம் தேவைப்படுற இடத்தில் எலக்ட்ரானிக்ஸும் ஃபெண்டர் ரோட்ஸும் வந்து தாளை நிரப்பாம, தாளாவே கீழே கிடக்குது. கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்னு நம்ம மெல்லிசாப் போட்டு விடுவோமே, ஃபைனல் டிராயிங்கில் பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சும் தெரியாம இருக்குமே, அது மாதிரி.

தாளமும் அப்படித்தான். யாரும் எண்ணிக்காட்டலை. ஆனா ஒரு கட்டம் இருக்குங்கிற உணர்வு இருந்துக்கிட்டே இருக்கு. விஜய்க்குக் கணக்கு காட்டத் தெரியாததில்லை. 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்தில் ஒரு பழைய பாட்டைப் பிபோனச்சி விகிதத்தில் வெட்டி அடுக்கினவர் அவர். இங்கே அந்தச் சாமர்த்தியத்தை ஓரமா வெச்சுட்டார். அடுத்த கோடு எங்கே வரணும்னு முடிவு பண்றதுக்கு முன்னால போட்ட கோட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம் இருக்கே, நஸ்ரீன் படத்தில் அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஆல்பத்தில் அது கேட்குது. மௌனம்னு நான் சொன்னது அதைத்தான்.

எல்லாமே உசத்தின்னு சொல்ல மாட்டேன். ஏழு பகுதிகளில் சில இடங்களில் எலக்ட்ரானிக்ஸ் வெறும் மூட்டமா மட்டும் நிக்குது. அந்த இடங்களில் ஏ.ஐ. ஆம்பியன்டுக்கும் இதுக்கும் தூரம் குறைஞ்சு போகுதுன்னு எனக்கே சந்தேகம் வந்தது. ஈ.சி.எம் ரெக்கார்டிங் பாணியும் எல்லாத்தையும் பெரிய கோயில் மண்டபத்தில் நடக்கிற மாதிரி கொஞ்சம் புனிதமாக்கிடும். நஸ்ரீன் தாளில் புனிதம் இல்லை, உழைப்புதான் இருக்கு. கடைசிப் பாட்டு 'மரியன் ஆண்டர்சன்', கறுப்பினப் பாடகிக்கு ஸ்மித் செய்த மரியாதை. தனியாக் கேட்டா அருமை, ஆனா தொகுப்போடு ஒட்டாம நிக்குது.

இன்னொரு தொல்லை, பேரில் 'ஐயர்' இருக்கிறதால நம்ம ஆளுங்க உடனே இதில் ராகம் தேடுறது. "இது சுபபந்துவராளி சாயல் இல்ல?" மாதிரி. தேட வேண்டாம். அவர் கர்நாடக இசையோடு உரையாடினதைக் கேட்கணும்னா அதுக்கு 2011இல் வந்த 'தீர்த்தா' இருக்கு. கிடார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. பிரசன்னா ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டும் படிப்பு முடிச்சவர். நம்ம பக்கத்திலேயே, மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆரில், ஸ்வர்ணபூமி இசை அகாடமியைத் தொடங்கி நடத்தினவரும் அவர்தான். ஜாஸ் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கும் அதுக்கும் என்னன்னு கேட்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன். அந்த ஆல்பம் வேற, இது வேற. இதில் இந்தியா இருக்குன்னா அது ராகத்தில் இல்லை, பரோடாவில் ஒரு பெண் தரையோடு ஒட்டின மாதிரி குனிஞ்சு போட்ட கோட்டில் இருக்கு.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. என் பதில் இது: நம்ம டிராயிங் ஹாலில் கத்துக்கிட்ட கவனம் மார்க்குக்காக மட்டும் பிறந்து மார்க்கோடு செத்துப்போகுது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணு பிடிக்குது, கை பிடிக்குது. நாலு மாசத்தில் வந்த அந்தத் திறமையை வெச்சு நாம வேற எதையுமே பார்க்கிறதில்லை, கேட்கிறதில்லை. கலைன்னா கல்ச்சுரல்ஸில் கவர் சாங், டி.ஜே. நைட், அப்புறம் ரங்கோலி. 'அப்ஸ்ட்ராக்ட்' எல்லாம் பணக்காரங்க வீட்டுச் சுவருக்குன்னு நினைச்சுக்கிறோம். நஸ்ரீன் உபயோகிச்சது நம்ம பாக்ஸில் இருந்த சாமான்கள். அந்தக் கோட்டைப் படிக்க மும்பை கேலரிக்காரனை விடத் தகுதி நமக்குத்தான் அதிகம். அந்தத் தகுதியோடு கேட்டா இந்த ஆல்பத்தில் பாதி தானாவே திறந்துக்கும்.

கேட்கிற முறை பத்தி ஒரே ஒரு வேண்டுகோள். பஸ்ஸில் கேட்காதீங்க. ஓ.எம்.ஆர். ஹாரன் இந்த ஆல்பத்தைக் கொன்னுடும். சாயங்காலம் கேளம்பாக்கத்தில் இருந்து கோவளம் போற ரோட்டில் உப்பளம் வரும் இல்லையா, அங்கே ஓரமா நின்னு ஹெட்போனில் போடுங்க. வரப்பு வரப்பாக் கட்டம், கட்டத்துக்குள்ள தண்ணி, தண்ணியில் வானம். வரப்பு எதுவும் ஸ்கேல் வெச்ச நேர்க்கோடு இல்லை, ஆனா ஒழுங்கு தப்பலை. நஸ்ரீன் நிறைய ஃபோட்டோவும் எடுத்திருக்காங்க. கடல், பாலைவனம், கட்டடங்களின் கோடுகள், இந்த மாதிரி. உயிரோட இருந்த வரைக்கும் அதை எல்லாம் காட்சிக்கு வைக்கலை. தொகுப்பின் கடைசிப் பகுதிக்குப் பேர் 'நோட்ஸ் ஆன் வாட்டர்'. அதை அங்கேதான் கேட்கணும்.

கேட்டுட்டு மனசு இருந்தா அப்படியே ஈ.சி.ஆர். ஏறி வடக்கே போனா ஈஞ்சம்பாக்கம், சோழமண்டல ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களே சேர்ந்து நிலம் வாங்கி உருவாக்கின இடம். மெட்ராஸ் கலை இயக்கத்துக்குன்னே அங்கே ஒரு மியூசியம் இருக்கு. பணிக்கர் 1963இல் 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்'னு ஒரு வரிசை தொடங்கினார். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. கணக்கு நோட்டு மாதிரி இருக்கும், போட முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரியும் இருக்கும். ஸ்மித் பார்த்திருந்தா நிச்சயம் இதை வாசிக்கச் சொல்லி ட்ரம்பெட்டை எடுத்திருப்பார்னு தோணுது. அதை இங்கே யாராவது வாசிச்சுப் பார்க்கலாமே. மியூசிக் கிளப்பில் கீபோர்டு இருக்கு, லூப் பண்ண லேப்டாப் இருக்கு. ட்ரம்பெட்டுக்கு ஆள் இல்லை. நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கிற செகண்ட் இயர்காரங்க யாராவது இருந்தா பத்திரிகைக் குழுவில் சொல்லுங்க, ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வருவோம்.